சீறும் கடல் கரைக்குத் தள்ளும்... தூங்கும் கடல் இழுத்துப்போகும்! - பாம்பனின் வாடைக்காலம்

டிசம்பரிலோ ஜனவரியிலோ ராமேஸ்வரம் போகிறவர்கள், பாம்பன் சாலைப் பாலத்தில் பேருந்து ஏறியதும் ஒரு பக்க ஜன்னலோடு நின்றுவிடக் கூடாது. இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். இடது கைப் பக்கம், அதாவது வடக்கே, கலங்கிப்போன சாம்பல் நிறத் தண்ணீர். கண்ணுக்கெட்டிய தூரம் வரை நுரை கிழிந்து கிழிந்து ஓடும். வலது கைப் பக்கம், தெற்கே, குளம் மாதிரி கிடக்கும் பச்சைத் தண்ணீர். அதில் வரிசையாக நங்கூரமிட்ட படகுகள். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு பாலத்தின் அகலம்தான்.

வடக்கே பாக் நீரிணை. தெற்கே மன்னார் வளைகுடா. உள்ளூர் மக்களுக்கு வடக்கே இருப்பது 'பெண் கடல்', தெற்கே இருப்பது 'ஆண் கடல்'. பெண் கடல் சாது, ஆண் கடல் முரடு என்று சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்லிக்கொடுக்கப்படும் விளக்கம் ஆண்டின் பாதி மாதங்களுக்குத்தான் பொருந்தும். வாடைக்காற்று இறங்கிவிட்டால் கதை அப்படியே தலைகீழ். சாது சீறும். முரடு தூங்கும்.

'அப்படியானால் வாடைக்காலத்தில் தெற்குக் கடலில் படகை இறக்குவதுதான் பாதுகாப்பு' என்று யாருக்கும் தோன்றும். தோன்றுவது இயல்புதான். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

ஒரே காற்று, இரண்டு முகம்

கடற்கரையில் காற்றுக்குத் திசையை வைத்துத்தான் பெயர். வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கச்சான். தெற்கிலிருந்து வருவது சோழகம். ஊருக்கு ஊர் இந்தப் பெயர்கள் கொஞ்சம் நகரும். ஒரு ஊரில் சோழகம் என்பது அடுத்த ஊரில் கச்சானோடு சேர்ந்துவிடும். ஆனால் வாடை எது என்பதில் எந்த ஊரிலும் குழப்பம் இல்லை. உடம்பில் பட்டாலே தெரிந்துவிடும்.

அக்டோபர் பாதியில் தொடங்கி பிப்ரவரி வரை இந்த வாடைதான் தமிழகக் கடலை ஆள்கிறது. குளிர்காலத்தில் ஆசியாவின் பெருநிலப்பரப்பு குளிர்ந்து, அங்கே காற்றழுத்தம் கூடுகிறது. தெற்கே வெதுவெதுப்பான கடலின் மேல் அழுத்தம் குறைவு. அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குக் காற்று ஓடி வருகிறது. பூமியின் சுழற்சி அதைத் திருப்பிவிடுவதால் வடகிழக்குக் காற்றாக நம்மை வந்து அடிக்கிறது. பருவமழை நின்ற பிறகும், ஜனவரியில் வானம் நீலமாக வெளுத்திருக்கும் நாட்களிலும், காற்று மட்டும் நிற்காமல் வீசும். 'மழைதான் இல்லையே, கடல் நன்றாகத்தானே இருக்கும்' என்று நினைக்கும் உள்நாட்டுக்காரர்கள் ஏமாறுவது இந்த நாட்களில்தான்.

ராமேஸ்வரம் தீவு கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது. வடகிழக்கிலிருந்து வரும் காற்று தீவின் வட கரையில் கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசுகிறது. அதே காற்று தீவைக் கடந்து தென் கரைக்கு வரும்போது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. வாடைக்காலத்தின் அத்தனை வித்தியாசமும் இந்த ஒரு விஷயத்தில் அடங்கியிருக்கிறது.

பெண் கடல் ஏன் அப்படி உதைக்கிறது?

அலையின் உயரத்தைத் தீர்மானிப்பவை மூன்று. காற்றின் வேகம், அது எத்தனை நேரம் விடாமல் வீசுகிறது, எத்தனை தூரம் திறந்த நீரின் மேல் ஓடி வருகிறது. வேகம் இரண்டு மடங்கானால் அந்தக் காற்று படகின் மேல் கொடுக்கும் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 20 கிலோமீட்டரில் சமாளித்த படகுக்கு 40 கிலோமீட்டரில் வருவது 'கொஞ்சம் கூடுதல்' கஷ்டம் அல்ல, வேறு கஷ்டம்.

பாக் நீரிணையில் நான்காவதாக ஒன்று சேர்ந்துகொள்கிறது. ஆழமின்மை. சராசரி ஆழம் ஏறக்குறைய 9 மீட்டர், அதாவது மூன்று மாடிக் கட்டடத்தின் உயரம்தான். மிக ஆழமான பகுதிகளே 13 மீட்டர் அளவில் இருக்கின்றன. வங்கக் கடலின் நீண்ட பெரிய அலைகள் இந்த ஆழமற்ற வாசலிலேயே பெரும்பாலும் வலுவிழந்துவிடுகின்றன. உள்ளே எழுபவை அந்த இடத்துக் காற்று அங்கேயே கிளப்பிவிடும் குட்டை அலைகள்.

குட்டை என்றதும் லேசாக எண்ணிவிட வேண்டாம். சென்னைக்கு வெளியே ஆழ்கடலில் இரண்டு அலைகளுக்கு நடுவே 100 மீட்டருக்கும் மேல் இடைவெளி இருக்கலாம். படகு ஒரு மேட்டில் ஏறி, நிதானமாக இறங்கி, அடுத்த மேட்டுக்குத் தயாராகிவிடும். பாக் நீரிணையில் நான்கு விநாடிக்கு ஒரு அலை என்றால் இடைவெளி 25 மீட்டர்கூட இருக்காது. அணியம் அடுத்த அலையில் முட்டும்போது அமரம் முந்தைய அலையிலிருந்து இன்னும் இறங்கியிருக்காது. 28 அடி, 30 அடி பைபர் படகு இந்த இடுக்கில் மாட்டினால் தொடர்ந்து குத்து வாங்கிக்கொண்டே இருக்கும். நீர் உள்ளே விழும். நீர் சேரச் சேரப் படகு தாழும். தாழத் தாழ அடுத்த அலை இன்னும் எளிதாக உள்ளே வரும்.

அலை உயரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்பது இதனால்தான். ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ், சிறு படகுகளுக்கென்று 2020-ல் ஒரு எச்சரிக்கை முறையைத் தொடங்கியது. 7 மீட்டர் வரை அகலமுள்ள படகுகளுக்கானது அது. அதில் அலை உயரத்தோடு அலையின் செங்குத்துத்தன்மை, அலைகள் எத்தனை திசையில் சிதறி வருகின்றன, காற்று எவ்வளவு வேகமாக வலுக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் படகுக்கான ஆபத்தைக் கணக்கிடுகிறார்கள். 'ஒண்ணரை மீட்டர் அலைதானே' என்று கரையில் நின்று சொல்கிறவருக்கு, அந்த ஒண்ணரை மீட்டர் சரிவாக வருகிறதா, சுவராக வருகிறதா என்பதுதான் கேள்வி.

முன்னறிவிப்பில் வரும் அந்த அலை உயரத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. அது வரப்போகும் மிகப் பெரிய அலையின் உயரம் இல்லை. அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை எடுத்து, அவற்றின் சராசரியைத்தான் சொல்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் எப்போதாவது ஒன்று ஏறக்குறைய இரட்டிப்பு உயரத்தில் எழும். அறிவிப்பில் 2 மீட்டர் என்றிருந்தால், நாள் முழுக்கக் கடலில் நிற்பவர் 3 மீட்டரைத் தாண்டிய ஒன்றையாவது பார்த்துவிடுவார் என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, அலைபேசிச் செயலிகளில் வரும் 'நாட்' கணக்கு. வானிலை மையத்தின் தமிழ் அறிவிப்பு கிலோமீட்டரில் வரும். பல செயலிகள் நாட்டில் காட்டும். 25 நாட் என்பதை 25 கிலோமீட்டர் என்று படித்துவிட்டுக் கிளம்பினால், கடலில் காத்திருப்பது மணிக்கு 46 கிலோமீட்டர் காற்று. ஒரு நாட் என்பது 1.85 கிலோமீட்டர்.

பெண் கடலின் இந்தக் குணத்துக்கு மீனவர்கள் மட்டும் கட்டுப்படவில்லை. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபர் 14 அன்று விழா எடுத்துத் தொடங்கிய பயணிகள் கப்பல், வடகிழக்குப் பருவக்காற்றைக் காரணம் காட்டிச் சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்டில் வேறு கப்பலோடு மறுபடி ஓடி, நவம்பரில் மறுபடி நின்று, 2025 பிப்ரவரியில் மீண்டும் புறப்பட்டது. தேதிகளைப் பார்த்தாலே வாடைக்காலத்தின் அட்டவணை தெரிந்துவிடும்.

ஆண் கடலின் அமைதி

வாடை வலுத்தால் வட கரையில் நிற்கும் படகுகள் பல பாம்பன் கால்வாய் வழியாகத் தெற்கே வந்து ஒதுங்குகின்றன. குந்துகால் பக்கம் அந்த நாட்களில் படகுகள் நெருக்கியடித்து நிற்கும். (1897 ஜனவரியில், இதே வாடைக்காலத்தில், இலங்கையிலிருந்து வந்த விவேகானந்தர் கரையேறியதும் இந்தப் பக்கம்தான். நினைவு மண்டபம் இன்றும் இருக்கிறது.) ஒதுங்குவதற்கு இது சரியான இடம். தீவும் அதன் மரங்களும் காற்றைத் தடுக்கின்றன. அலை எழும்ப இடமே இல்லை.

ஆனால், கரையில் அலை இல்லை என்றால் காற்று இல்லை என்று அர்த்தம் இல்லையே. காற்று தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறது. கரையை விட்டு விலக விலக அது கீழே இறங்கி நீரைத் தொடுகிறது. ஒரு கிலோமீட்டரில் சிலிர்ப்பு. கொஞ்சம் தள்ளிச் சிற்றலை. ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை வரிசையாக இருக்கும் 21 தீவுகளுக்கும் கரைக்கும் நடுவே இருக்கும்வரை பெரிதாக ஒன்றும் தெரியாது. தீவு வரிசையைத் தாண்டியதும் கடலின் முகம் மாறும். அதற்கும் தெற்கே ஆழம் ஆயிரம் மீட்டருக்கு மேல் போகிறது. பாக் நீரிணை வழியாக நெருக்கிக்கொண்டு வரும் வாடை அங்கே குமரிக்கடல் வரை தடையில்லாமல் ஓடுகிறது.

கரையிலிருந்து பார்க்கிறவருக்கு இது எதுவும் தெரியாது. அலைகள் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகின்றன. உடைந்து நுரைக்கும் முகம் மறுபக்கம். வட கரையில் நிற்பவரைக் கடலே வந்து எச்சரிக்கிறது. தென் கரையில் அந்த எச்சரிக்கை கிடையாது.

போகும்போது எல்லாம் சுகமாகவே இருக்கும். பின்னாலிருந்து காற்று தள்ளுகிறது. எரிபொருள் மிச்சம். படகு வழக்கத்தைவிட வேகமாக ஓடுகிறது என்று மகிழ்ச்சிகூட வரும். திரும்ப வேண்டிய நேரத்தில் அதே காற்று முகத்தில் அடிக்கும். போக அரை மணி நேரம் ஆன தூரத்துக்குத் திரும்ப இரண்டு மடங்கு நேரமும் டீசலும் ஆகலாம். 'போக இவ்வளவு, வர இவ்வளவு' என்று சமமாகப் பிரித்து எரிபொருள் எடுத்துச் செல்பவர் இங்கே மாட்டிக்கொள்கிறார்.

சரி, நடுவழியில் இன்ஜின் நின்றுவிட்டால்? இங்கேதான் இரண்டு கடல்களும் தங்கள் உண்மையான குணத்தைக் காட்டுகின்றன. பாக் நீரிணையில் இன்ஜின் நின்ற படகு நன்றாக அடிவாங்கும். ஆனால் வாடை அதைத் தென்மேற்காகத் தள்ளும். அந்தத் திசையில் பெரும்பாலும் ராமேஸ்வரமோ ராமநாதபுரம் மாவட்டத்தின் கரையோ இருக்கிறது. மன்னார் வளைகுடாவிலும் அதே தென்மேற்குத்தான். ஆனால் அந்தத் திசையில் குமரிக்கடல். அதற்கப்புறம் இந்தியப் பெருங்கடல். நேரம் ஆக ஆகக் கரை விலகும், அலை பெரிதாகும், அலைபேசியில் கோடுகள் ஒவ்வொன்றாக மறையும்.

இதற்கு நீரோட்டமும் துணை போகிறது. வாடைக்காலத்தில் பாம்பன் கால்வாயில் நீர் பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கே இழுக்கும். பாலத்துக்கு அடியில் அந்த இழுப்பைக் கண்ணாலேயே பார்க்கலாம். நீரோட்டத்தின் திசையிலேயே காற்றும் வீசும்வரை நீர் ஓரளவு சமமாக ஓடும். இரண்டும் எதிரெதிராக மோதினால் அலை குறுகி, நெட்டுக்குத்தாக எழும். அதனால்தான் பழகியவர்களே நேரம் பார்த்துத்தான் கால்வாயைக் கடக்கிறார்கள்.

தென் கரையில் இன்ஜின் நின்றால் முதல் வேலை, அதைப் பிரித்துப் பார்ப்பதல்ல. நங்கூரத்தைப் போடுவது. கரையை ஒட்டிய பகுதி ஆழமற்றதாக இருக்கும்போதே போட்டால்தான் பிடிக்கும். பத்து நிமிடம் ஸ்பேனரோடு போராடிவிட்டு நிமிர்ந்தால், கயிறு தரையைத் தொடாத ஆழத்துக்குப் படகு போயிருக்கலாம். ஆழம் கிடைக்காவிட்டால் வலையையோ வாளியையோ கயிற்றில் கட்டி அணியத்திலிருந்து நீருக்குள் இழுபட விடலாம். படகு அலைக்கு முகம் கொடுத்து நிற்கும், தள்ளப்படும் வேகமும் குறையும். பக்கவாட்டில் அலை வாங்கினால்தான் கவிழும். எது நடந்தாலும் படகை விட்டுக் குதித்துக் கரைக்கு நீந்த முயலக் கூடாது. எதிர்க்காற்றில் நீச்சல் தெரிந்தவரும் தோற்பார். மிதக்கும் படகு தேடுபவர் கண்ணுக்குத் தெரியும், மனிதத் தலை தெரியாது.

வட கரையைப் பற்றியும் நல்லவிதமாக மட்டும் சொல்லிவிட முடியாது. கரைக்குத் தள்ளும் கடல், கரையில் மெதுவாக இறக்கிவிடுவதில்லை. பின்னாலிருந்து வரும் அலை படகின் அமரத்தைத் தூக்கி ஒரு பக்கமாகச் சுழற்றும். படகு குறுக்கே திரும்பிய அந்த நொடியில் அடுத்த அலை கவிழ்த்துவிடும். பெரிய அலைகள் ஒரு கூட்டமாக வந்து ஓய்ந்த பிறகு கிடைக்கும் சிறு இடைவெளியைப் பார்த்துத்தான் அனுபவசாலிகள் கரையேறுகிறார்கள். அந்தக் காத்திருப்புக்குப் பொறுமை வேண்டும். நாள் முழுக்க நனைந்து, பசித்து, கரை கண்ணெதிரே தெரியும்போது அது லேசில் வராது.

புயல் வந்தால் கணக்கு மாறும்

இவ்வளவும் வழக்கமான வாடைக்கு. புயல் உருவாகிவிட்டால் திசைக் கணக்கே செல்லாது. நம் பக்கத்தில் புயல் இடஞ்சுழியாகச் சுற்றுவதால், மையம் நகர நகரக் காற்றின் திசையும் திரும்பும். காலையில் பாதுகாப்பாக இருந்த தென் கரை, இரவில் அடிவாங்கும் கரையாகலாம். 2020 டிசம்பரில் திருகோணமலை அருகே கரை கடந்த புரெவி, மன்னார் வளைகுடாவுக்குள் வந்து, வலுவிழந்த பிறகும் ராமநாதபுரம் கரையருகே நகராமல் நெடுநேரம் நின்றது. தெற்கே ஒதுங்கினால் போதும் என்ற கணக்கு அப்போது உதவாது.

தனுஷ்கோடியை அழித்த புயலும் வாடைக்காலத்துப் புயல்தான். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயிலை, நூற்றுக்கும் மேற்பட்டோருடன் கடல் கொண்டுபோனது. தீபாவளியோடு புயல் பயம் முடிந்தது என்று நினைப்பவர்கள் அந்தத் தேதியை ஒருமுறை பார்க்கலாம்.

2017-ன் ஒக்கி சொன்னது வேறொரு கதை. நவம்பர் 29 அன்று இலங்கைக்கு அருகே காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையிலேயே குமரிக்கடலில் புயலாகிவிட்டது. குமரி மாவட்டத்தின் ஆழ்கடல் மீனவர்கள் பலர் அதற்குப் பல நாட்கள் முன்பே கடலுக்குள் போயிருந்தார்கள். கரையில் ஏற்றிய கூண்டும் ஒலிபெருக்கியும் அவர்களை எட்டவில்லை. எத்தனையோ குடும்பங்கள் மாதக்கணக்கில் கரையில் காத்திருந்தன. செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடல் படகுக்கே எச்சரிக்கையைக் கொண்டு சேர்க்கும் கருவிகள் அதற்குப் பிறகுதான் வேகம் பிடித்தன.

பாம்பன் துறைமுகத்தில் ஏறும் கூண்டுக்கும் வரிசை உண்டு. 1, 2 என்றால் புயல் எங்கோ தொலைவில். 3 என்றால் இந்தத் துறைமுகத்திலேயே பலத்த காற்று வரலாம். எண் கூடக் கூட ஆபத்து நெருங்குகிறது. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. 'மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65' என்ற அறிவிப்பு வந்தால் மீன்வளத்துறை டோக்கன் தருவதை நிறுத்திவிடும். ஒவ்வொரு டோக்கன் இல்லாத நாளும் ஒரு வீட்டின் அடுப்பு. ஒருசிலர் டோக்கன் இல்லாமலே இறங்குவதை அசட்டுத் துணிச்சல் என்று உள்ளூரில் யாரும் சுலபமாகச் சொல்லிவிட மாட்டார்கள். வாரக்கணக்கில் வாடை நீண்டால் கந்துவட்டிக்காரர் வாசலில் வந்து நிற்பார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

2016 முதல் பாம்பனில் 'கடல் ஓசை' 90.4 என்ற சமுதாய வானொலி மீனவர்களுக்காகவே இயங்குகிறது. மீனவரின் பேச்சிலேயே கடல் செய்தி வருவதில் ஒரு வசதி இருக்கிறது. நாட்டா கிலோமீட்டரா என்ற குழப்பம் வராது.

சுற்றுலாவுக்குப் போகிறவர்களுக்கும் இதில் வேலை உண்டு. பருவக்காற்று கடலிலிருந்து வரும் கரைகளில் மதியத்துக்கு மேல் கடற்காற்றும் சேர்ந்துகொள்வதால், படகுச் சவாரிக்குக் காலை நேரம் நல்லது. லைஃப் ஜாக்கெட்டைக் கையில் வைத்துக்கொள்வதற்காகத் தரவில்லை, கொக்கியை மாட்டினால்தான் அது வேலை செய்யும். 'இன்று படகு இல்லை' என்று சொன்னால், 'கடல் சும்மாதானே இருக்கிறது' என்று படகுக்காரரிடம் வாதாட வேண்டாம். அவர் கரையோர நீரைப் பார்த்துச் சொல்லவில்லை. கடலில் யாராவது ஆபத்தில் சிக்கியது தெரிந்தால் கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய எண்களுக்கு உடனே அழைக்கலாம். படகில் வி.எச்.எஃப் கருவி இருந்தால் 16-வது அலைவரிசை.

பிப்ரவரி கடைசியில் வாடை தளர்ந்துவிடும். பாக் நீரிணை தெளிந்து, பெண் கடல் மறுபடி சாதுவாகும். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு ராமேஸ்வரத்திலிருந்து படகுகள் கிளம்புவது அந்த வாரங்களில்தான். தெற்கே ஒதுங்கியிருந்த படகுகள் பாலத்துக்கு அடியில் ஒவ்வொன்றாக வடக்கே திரும்பும். மே மாதக் கடைசியில் கச்சான் தொடங்கும்போது, பாலத்தின் மேல் போகும் பேருந்தில் சீறும் கடல் வலது பக்க ஜன்னலுக்கு மாறியிருக்கும்.